அறுத்துப் பார்த்த குழாய்

ஒன்பதாம் வாரம்

போன வாரம் அந்த வீட்டில் ஒரு தட்டு உடைந்ததோடு விட்டிருந்தோம். போட்டு உடைத்தது அண்ணனா, தங்கையா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். யார் உடைத்தால் என்ன, கூட்டி அள்ளியது சோப்பக்காதான்.

சோப்பக்கா என்பது தொழிற்சாலையில் வைத்த பெயர். வீடுகளைச் சூடாக்கும் பாய்லர் செய்கிற தொழிற்சாலை அது. செய்து முடித்த குழாய்களில் கசிவு இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவியும் தொட்டியில் முக்கியும் பார்ப்பது அவள் வேலை. குமிழி வந்தால் தள்ளு, வராவிட்டால் எடு. இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய், செல்போன்கூட அவள் ரேகையைப் பார்த்து நீ யாரென்று கேட்கிறது.

வீட்டில் அவளையும் சேர்த்து மூன்று பேர். கணவர் ஒரு மெக்கானிக். வீடு வீடாகப் போய் பாய்லர் மாட்டிக் கொடுத்தவர். அவர் கைபட்ட குழாய் கசிந்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆனால் புதிதாக பாய்லர் வாங்குகிறவர்கள் குறைந்துபோய், அவர் இருந்த பட்டறையைப் பதினோரு மாதத்துக்கு முன்னால் மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் வீட்டில் பழுதாகாத சாமான்களையெல்லாம் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூன்றாவது ஆள் அவர் தங்கை, சோப்பக்காவின் நாத்தனார். நடந்து வந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்பதால் சின்ன வயதிலேயே அண்ணன் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்துவிட்டார். முப்பத்து நாலு வயதிலும் அவள் பூனைதான். கேக் கடையில் பிறந்தநாள் கேக்குகள் மேல் பெயர் எழுதுகிற வேலை. புருஷனோடு சரிப்படாமல் எட்டு மாதமாக அண்ணன் வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறாள். ஏழு வயது மகள் புருஷன் வீட்டில் இருக்கிறாள். நிரந்தர வேலையும் தனி அறையும் இருந்தால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போ, இல்லையென்றால் இந்தப் பேச்சே வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சோப்பக்காவின் தொழிற்சாலை புதுக் கட்டடத்துக்கு ஆள் எடுக்கிறது. அண்ணன் விண்ணப்பம் போட்டார். நானும் போட்டிருக்கிறேன் என்று பூனை சொன்னாள். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அப்போதுதான் அந்தத் தட்டு உடைந்தது.

சனிக்கிழமை தேர்வு. காலை ஆறரை மணிக்கு மூன்று பேரும் ஒரே சமையலறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வளைய வந்துகொண்டிருந்தார்கள்.

மெக்கானிக் தன் சட்டைக்குத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"பட்டன் ஒண்ணு தொங்குது. கொடுங்க, தைச்சுத் தரேன்," என்றாள் சோப்பக்கா.

"பட்டனைப் பார்த்தா வேலை தருவாங்க? கையைப் பார்த்துத் தருவாங்க."

பூனை சோபாப் போர்வையை மடித்து வைத்துவிட்டு, ஒரு தாளை விரித்து வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பூனை, மனப்பாடமா?"

"கம்பெனியில அனுப்பின தாள் அண்ணா. எதுக்கப்புறம் எது செய்யணும்னு வரிசையா போட்டிருக்கு. உனக்கும் வந்திருக்குமே?"

"வந்துச்சு. மேஜை ஆடிக்கிட்டிருந்துச்சு, கால்ல மடிச்சு வெச்சிட்டேன்."

சோப்பக்கா குனிந்து பார்த்தாள். நிஜமாகவே சாப்பாட்டு மேஜையின் ஒரு காலுக்கு அடியில் வெள்ளைத் தாள் நாலாக மடிந்து கிடந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. காலை ஆறரை மணிக்கே முட்டி வலித்ததால் அது வாய்வரை வரவில்லை.

"அண்ணா, ஒருவேளை எனக்குக் கிடைச்சு..." என்று பூனை ஆரம்பித்தாள்.

"கேக் மேல க்ரீம் பிழியறதுன்னு நினைச்சியா? அது நெருப்பு. கையைச் சுட்டுக்காம திரும்பி வந்தாலே போதும்."

திட்டவில்லை, பாசமாகத்தான் சொன்னார். அதுதான் பூனைக்கு வலித்திருக்க வேண்டும். தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஒரே பஸ்ஸில் போனார்கள். அண்ணன் முன்னால், தங்கை பின்னால், நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சோப்பக்கா. இந்த எட்டு மாதமாக அவள் நிற்கிற இடம் அதுதான்.

தொழிற்சாலை வாசலில் பெரிய பதாகை கட்டியிருந்தது. புதுக் கட்டடத்துக்கு எண்பது பேர் தேவை. கட்டடத்தின் கூரை முழுக்க சூரிய ஒளித் தகடுகள். உள்ளே செய்யப்போவது பாய்லர் இல்லை, ஹீட் பம்ப் என்கிற ஒரு பெட்டி. எண்ணெய் வேண்டாம், நெருப்பு வேண்டாம். வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, வெளிக்காற்றில் இருக்கிற சூட்டை உறிஞ்சி உள்ளே தள்ளும்.

"ஃப்ரிட்ஜைத் திருப்பி வெச்ச மாதிரி," என்று அதை சோப்பக்காவுக்கு விளக்கியவர் எஞ்சினியர். முப்பது வயதுகூட ஆகாது. எந்நேரமும் நீலச்சட்டைதான் போடுவார், அதுவே பெயராகிவிட்டது.

"வெளிய விறைக்குது, அங்க ஏது சார் சூடு?" என்று அவள் கேட்டிருந்தாள்.

"இருக்குக்கா. நமக்குத்தான் தெரியாது. மெஷினுக்குத் தெரியும்."

தன் கணவர் பிழைப்பைக் கெடுத்த பெட்டியும் அதுதான், இப்போது அவர் பிழைக்கப் போகிற பெட்டியும் அதுதான் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்திருந்தது.

மூன்று சனிக்கிழமைகளில் அறுபத்தெட்டுப் பேரை எடுத்துவிட்டார்கள். மிச்சம் பன்னிரண்டு இடம். இன்றைக்கு வந்திருப்பவர்கள் நாற்பத்தொரு பேர். இதோடு சரி, இனி அடுத்த வருஷம்தான் என்று வாசல் காவலாளியே சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தைய சனிக்கிழமைகளில் குழாய்களைச் சோதித்தவள் வேறொருத்தி. அவளுக்குக் காய்ச்சல் என்பதால்தான் சோப்பக்காவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"சார், எங்க வீட்டு ஆளுங்க ரெண்டு பேர் வந்திருக்காங்க. நான் பார்க்கலாமா?" என்று அவள் முதலிலேயே கேட்டுவிட்டாள்.

"அதுக்கென்னக்கா. துண்டுல பேர் இருக்காது, நம்பர் மட்டும்தான். உங்களுக்கு எது யாரோடதுன்னு எப்படித் தெரியப்போவுது?" என்றார் நீலச்சட்டை. இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ளை, அவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்.

சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகள் மேல் தகரம் விரித்து, ஆளுக்கொரு கேஸ் டார்ச் வைத்திருந்தார்கள். ஆளுக்கொரு வளைந்த செம்புக் குழாய், இரண்டு நேர்க்குழாய். நெருப்பில் பற்றவைத்து மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். பக்கத்தில் நைட்ரஜன் சிலிண்டரிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய். முடித்ததும் நம்பர் அடித்த தகரத் துண்டைக் கம்பியால் கட்டி ஒப்படைக்க வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

மதியம் கூடத்தின் பின்பக்கக் கதவருகே மெக்கானிக் அவளைப் பிடித்துக்கொண்டார். பதினோரு மாதமாகப் பார்க்காத முகம் அது. வியர்த்திருந்தது, சிரித்தது, பத்து வயது குறைந்திருந்தது.

"கூடத்துலயே முதல்ல முடிச்சவன் நான்தான். பக்கத்துல இருந்த பையன் தன் வேலையை விட்டுட்டு என் கையையே பார்த்துக்கிட்டிருந்தான்."

"நல்லபடியா வந்துச்சா?"

"என்ன கேள்வி இது? ஒட்டு ஆறின அப்புறம் அந்த நைட்ரஜன் கேஸையும் மாட்டித் திறந்து அழுத்தம் பார்த்துட்டுத்தான் கொடுத்தேன். அணுவளவு கசியாது. மத்தவங்களைப் பார்க்கணுமே! பத்த வைக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கேஸைத் திறந்து விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. கசிவு பார்க்கறதுன்னா ஒட்டினதுக்கு அப்புறம்தானே பார்க்கணும்? நம்ம பூனையும் அதே கூத்துதான்."

சோப்பக்காவும் சேர்ந்து சிரித்தாள். கசிவு பார்ப்பதில் அவளுக்குத் தெரியாததா? ஒட்டின பிறகுதான் பார்க்க வேண்டும். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரியென்றே அவளுக்குப் பட்டது.

பூனை தண்ணீர்க் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையில் காசளவு கருகியிருந்தது.

"சுட்டுக்கிட்டியா?"

"துணிதான் அண்ணி. என் நம்பர் முப்பத்தொண்ணு. ஒட்டு பார்க்கவே சகிக்கலை. மூணு தடவை மேல மேல ஊத்திட்டேன்." ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "நான் கடைக்குப் போயிட்டு வரேன். அரைநாள் லீவுதான் கொடுத்தாங்க. அண்ணனுக்குக் கண்டிப்பா கிடைச்சிடும், இல்ல?"

"கிடைக்கும்," என்றாள் சோப்பக்கா. பூனையின் கருகின சட்டைக் கையை மடித்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு நாற்பத்தொரு துண்டுகளும் அவள் தொட்டிக்கு வந்தன. குழாய்க்குள் காற்றை ஏற்றி, தண்ணீருக்குள் அமுக்கி, அறுபது வரை எண்ண வேண்டும். குமிழி வந்தவை சிவப்புத் தட்டு, வராதவை பச்சைத் தட்டு.

பதினேழாம் நம்பரை எடுத்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டு சூடாக இருக்கும்போதே ஈரத்துணியால் ஒரே சுற்றாகத் துடைத்துவிடுவது அவர் பழக்கம். அதனால் ஒட்டைச் சுற்றி மெல்லிசாக மோதிரம் போட்டதுபோல் ஒரு வளையம் விழும். அவர்கள் வீட்டுச் சமையலறைத் தொட்டிக்கு அடியிலும் அதே வளையம்தான். தினமும் பாத்திரம் தேய்க்கும்போது பார்க்கிறாளே, தெரியாமல் போகுமா?

அறுபதுக்குப் பதில் நூறு வரை எண்ணினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. ஈரத்தைத் துடைத்துப் பச்சைத் தட்டில் வைத்தாள்.

முப்பத்தொன்று வந்தபோது பாவமாக இருந்தது. ஒட்டெல்லாம் கட்டி கட்டியாக, மெழுகு உருகி வழிந்த மாதிரி. இருந்தாலும் குமிழி வரவில்லை. ரெண்டு பேருமே தேறிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே மேஜையில் பேசிக்கொண்டே சாப்பிடலாம். அவ்வளவுதான் அவள் ஆசை, பெரிதாக ஒன்றுமில்லை.

பதின்மூன்று துண்டுகள் கசிந்தன. பச்சைத் தட்டில் இருபத்தெட்டு.

"இருபத்தெட்டு இருக்கே சார், இடம் பன்னிரண்டுதானே? எப்படிப் பிரிப்பீங்க?"

"இனிமேதான்க்கா நிஜத் தேர்வு," என்றார் நீலச்சட்டை. பச்சைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து அறுக்கிற மெஷினில் வைத்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தார். உட்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்.

கன்னங்கரேல் என்றிருந்தது. விரலால் தேய்த்தார், கரி செதில் செதிலாக உதிர்ந்தது.

"பத்த வைக்கிறப்ப குழாய்க்குள்ள சாதாக் காத்து இருந்தா செம்பு இப்படித்தான் கறுத்துடும். அதுக்குத்தான் பத்த வைக்கறதுக்கு முன்னாடியே நைட்ரஜன் உள்ள மெதுவா ஓடிக்கிட்டே இருக்கணும். தாள்ல மூணாவது வரி. தண்ணி ஓடற பாய்லர்ல வேற மாதிரி ஒட்டறாங்க, அங்க இந்தக் கவலையே கிடையாது. இதுல ஊசி மாதிரி வால்வு இருக்குக்கா. இந்தச் செதில் போய் அடைச்சா ரெண்டே குளிர்காலத்துல பெட்டி செத்துடும்."

"வெளிய இருந்து பார்த்தா தெரியாதா?"

"தெரியாது. உங்க சோப்புக்கும் தெரியாது."

இருபத்திரண்டு வருஷமாகக் குழாய்களைப் பார்த்திருக்கிறாள், ஒரு நாளும் ஒரு குழாயின் உள்ளே பார்த்ததில்லை.

அவருக்கு ஃபோன் வந்தது. "தலைமை அலுவலகம். நீங்களே அறுத்துப் பிரிச்சு வெச்சிடுங்கக்கா. கறுப்பு இந்தப் பக்கம், சுத்தமா இருக்கறது அந்தப் பக்கம். நம்பர் கட்டின பாதி மட்டும் போதும், மத்த பாதியைக் கழிவுத் தொட்டியில போட்டுடுங்க." ஃபோனைக் காதில் வைத்தபடி வெளியே போய்விட்டார்.

கதவு மூடிக்கொண்டது. அவளும் மெஷினும் மிச்சம் இருபத்தேழு குழாய்களும்.

ஒவ்வொன்றாக அறுத்தாள். கொஞ்ச நேரத்தில் ஒரு விஷயம் பிடிபட்டது. வெளியே அழகாக இருந்ததெல்லாம் உள்ளே கறுப்பு. எல்லாம் பழைய பாய்லர்காரர்களின் கை. தாளைப் படிக்காத கை, படிக்கத் தேவைப்படாத கை. கட்டி கட்டியாக, கோணல் மாணலாக இருந்தவைதான் உள்ளே சுத்தம். தெரியாதவர்கள் சொன்னபடி செய்திருந்தார்கள்.

பதினேழையும் முப்பத்தொன்றையும் கடைசிக்குத் தள்ளிப் பார்த்தாள். எத்தனை நேரம் தள்ள முடியும்?

அறுத்தாள். கறுப்பு. மற்ற எல்லாவற்றையும்விடக் கறுப்பு. பொறுமையாக, சீராக, நன்றாகச் சூடேற்றி ஒட்டியிருக்கிறார் மனிதர். அந்த அக்கறையே வினையாகியிருந்தது.

முப்பத்தொன்றை அறுத்தாள். உள்ளே புதுச் செம்பு பளபளவென்று சிரித்தது. கேக் கடையில் வேலை பார்க்கிறவள். மாவு இத்தனை, சர்க்கரை இத்தனை, அடுப்பை முன்னாடியே சூடாக்கு என்றால் அப்படியே செய்து பழகியவள். கேஸை முதலில் திற என்று போட்டிருந்தது, திறந்திருக்கிறாள்.

சுத்தமானவை சரியாகப் பன்னிரண்டு இருந்தன. ஒன்று குறைந்திருந்தால், ஒட்டு நன்றாக இருக்கிறதென்று அவருக்கே அந்த இடத்தைக் கொடுத்திருப்பார்கள், அவளுக்கு இந்த அவஸ்தை வந்திருக்காது.

சோப்பக்கா பதினேழின் பாதியையும் முப்பத்தொன்றின் பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். தகரத் துண்டுகள் மெல்லிய கம்பியில் தொங்கின. இரண்டு முறுக்கு முறுக்கினால் கழன்று வரும்.

இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனது கணக்காகப் பேசியது. அவர் கைக்கு ஈடான கை அந்தப் பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை. மூணாவது வரியை ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும், மறுநாள் கூடத்திலேயே முதல் ஆளாக நிற்பார். கம்பெனிக்கு லாபம்தான். பூனைக்குக் கேக் கடை இருக்கிறது. சோபா இருக்கிறது. அவருக்கு என்ன இருக்கிறது? நேற்று காலை நன்றாக ஓடுகிற சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பியவள் இவள்.

கம்பிகளைக் கழற்றினாள். இரண்டு தகரத்தையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பதினேழு. முப்பத்தொன்று.

அயர்ச்சியாக இருந்தது. பூனை மகளோடு ஃபோனில் பேசுவது ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிஷம் விடுவார்கள். என்ன சாப்பிட்டே, பல் விழுந்ததா, எந்தப் பல் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பேசி முடித்ததும் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்று அவளுக்கு நினைப்பு.

தெரிந்த விடையை மாற்றிச் சொன்னதே இல்லை சோப்பக்கா. அதை நேர்மை என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். ஒரு பொய்யைச் சொல்லிவிட்டால் அதைத் தினமும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். காலையில் இஸ்திரிச் சட்டையோடு அவர் வேலைக்குக் கிளம்ப, சோபாவில் பூனை போர்வை மடிக்க, இரண்டையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதற்கான தெம்பு அவளிடம் இல்லை.

பதினேழைப் பதினேழிலும் முப்பத்தொன்றை முப்பத்தொன்றிலும் கட்டினாள். கம்பியை இரண்டு முறுக்குக்குப் பதில் நாலு முறுக்கு முறுக்கினாள். கட்டி முடித்த பிறகுதான் அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளும்போது கன்னத்தில் கரி ஒட்டிக்கொண்டது.

பதினேழின் மறு பாதியைக் கழிவுத் தொட்டியில் போடாமல் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் ஒரு திருகாணிகூட வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை.

முடிவு ஆறு மணிக்கு அவரவர் ஃபோனுக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் வீட்டுக்கு வந்தபோது ஐந்தரை. மெக்கானிக் சமையல் செய்து, மேஜையைத் துடைத்து வைத்திருந்தார்.

"கன்னத்துல என்ன?"

"கரி."

"தொட்டி பார்க்கற இடத்துல ஏது கரி?"

அவள் முகம் கழுவப் போனாள். எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே மூன்று தடவை சோப்பு போட்டாள். சொல்லத் துணிந்து வெளியே வந்தபோது அவர் ஃபோனில் மெசேஜ் வந்துவிட்டது. பதினைந்து நிமிஷம் முன்னாலேயே.

அவர் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு ஃபோனை மேஜையில் குப்புற வைத்தார்.

"தப்பு நடந்திருக்கு. நம்பர் மாறியிருக்கும். நான் திங்கட்கிழமை நேர்ல போய்க் கேட்கிறேன். கசிஞ்சுதுன்னு எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்."

"கசியலைங்க. நூறு வரைக்கும் எண்ணினேன்."

"அப்புறம் என்ன?"

அவள் பையிலிருந்து பாதிக் குழாயை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வெளிப்பக்கம் மேலே இருந்தது. அந்த மோதிர வளையத்தைப் பார்த்து அவர் தலையசைத்தார். பிறகு திருப்பினார்.

விரலை உள்ளே விட்டுத் தேய்த்தார். விரலைப் பார்த்தார்.

"கேஸ் முன்னாடியே ஓடணுமாம். தாள்ல போட்டிருக்காம்," என்றாள் மெதுவாக.

மெக்கானிக் குனிந்தார். மேஜைக் காலடியிலிருந்து அந்தத் தாளை உருவினார். மேஜை ஒரு பக்கம் சாய்ந்தது. பிரித்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மூணாவது வரியில் விரலை வைத்துப் படித்தார். தாளில் அவர் விரலின் கரி பதிந்தது.

"பூனையோடது?"

"சுத்தம்."

"அவ நம்பர் உனக்குத் தெரியுமா?"

"முப்பத்தொண்ணு. மத்தியானம் சொன்னா."

"எல்லாத்தையும் அறுத்தது யாரு?"

"நான்தான்."

"கூட யாரு இருந்தாங்க?"

"யாருமில்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்பர் எதுல கட்டியிருந்துச்சு? நாங்க கட்டினோமே, அந்த மெல்லிசு கம்பியிலதானே?"

அவர் என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர். கெட்ட மனுஷர் இல்லை. களைத்துப்போன மனுஷர். அதனால்தான் அவளால் கோபப்பட முடியவில்லை.

"கழட்டினேன்ங்க," என்றாள்.

"அப்புறம்?"

"திரும்பக் கட்டிட்டேன்."

"ஏன்?"

அவள் மேஜையில் உதிர்ந்திருந்த கரியைக் கையால் கூட்டினாள்.

"ஒரு நிமிஷ வேலை," என்றார் அவர், குழாயைப் பார்த்துக்கொண்டே. "எனக்காக ஒரு நிமிஷம். அவளுக்கென்ன, சின்னவ, கேக் கடை இருக்கு. மாத்தியிருந்தா அவளுக்குத் தெரிஞ்சிருக்கவா போவுது?"

கதவுப் பக்கம் லேசாக ஏதோ உரசியது. இருவரும் திரும்பினார்கள். பூனை நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ, எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. ஒரு கையில் ஃபோன், மறு கையில் கடையின் அட்டைப்பெட்டி.

பூனை வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தாள். சாய்ந்த மேஜையில் பெட்டி வழுக்கியது, சோப்பக்கா சட்டென்று பிடித்து நிறுத்தினாள். மூடியின் கண்ணாடித் தாள் வழியாக உள்ளே எழுதியிருந்தது தெரிந்தது. நீல க்ரீமில், பூனையின் முத்து முத்தான கையெழுத்து: 'அண்ணனுக்கு வேலை கிடைச்சாச்சு.'

"நாலு மணிக்கே எழுதிட்டேன்," என்றாள் பூனை. குரலில் அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. "பஸ்ல வரும்போதுதான் எனக்கு மெசேஜ் வந்துச்சு. வேலைக்குச் சம்மதம்னா திங்கட்கிழமை எட்டு மணிக்குள்ள பதில் போடணுமாம். போடலேன்னா, மத்தவங்கள்ல ஒட்டு நல்லா இருக்கற ஆளைக் கூப்பிடுவாங்களாம்."

மெக்கானிக் நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டு, கரி படிந்த விரலை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டார்.

"இன்னும் போடலை," என்றாள் அவள். பெட்டியின் மூடியைத் திறந்தாள். "அண்ணா, இதை அழிச்சிடவா? இல்ல இப்படியே இருக்கட்டுமா?"

சோப்பக்கா எழுந்துபோய்த் தட்டுகளை எடுத்து வந்தாள். போன வாரம் உடைந்ததுபோக மூன்றுதான் மிச்சம் இருந்தன.